டெப் களஞ்சியத்தை நடத்த எந்தக் கருவி: ரெப்ரெப்ரோவா, ஆப்ட்லியா, டேக்கா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் நாற்பது சொச்சம் சொந்த டெப் பேக்கேஜ்கள் (டெபியன் லினக்ஸில் நிரல்களை நிறுவும் கோப்புகள்) இருக்கின்றன. டெபியன் 12, டெபியன் 13 இரண்டுக்கும் கொடுக்கிறீர்கள். சர்வர் ஒன்றுதான். டெப் கோப்புகளைப் பட்டியலிடும் டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸை ஓட்டி, பட்டியலை ஜிஜிப்பால் சுருக்கி, ஜிபிஜியால் கையொப்பமிடும் ஷெல் ஸ்கிரிப்ட் இத்தனை நாள் போதுமானதாக இருந்தது. இப்போது சில இயந்திரங்களில் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' வருகிறது. டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று பழைய டெப் ஒன்றை 'ஆர்எம்' போட்டு நீக்கியதும் வேறு சிலருக்கு 404 வருகிறது. அவ்வப்போது பழைய பதிப்புக்குத் திரும்பவும் வேண்டியிருக்கிறது. ஆகவே ரெப்ரெப்ரோவுக்கு மாறுவதா, ஆப்ட்லிக்கா, டெபியனே வைத்திருக்கும் டேக்குக்கா என்று கேட்கிறீர்கள். ஆர்பிஎம் (ரெட் ஹாட் வகை லினக்ஸின் பேக்கேஜ் வடிவம்) பக்கம் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கருவியின் பெயரைக் கேட்டிருந்தாலும், உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கிடங்கில் இருக்கும் சரக்குக்கும் கணக்கில் எழுதியிருப்பதற்கும் பிசகு வந்துவிட்டது. அந்தக் கணக்கை இனி யார் எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது என்பதுதான் கேள்வி. அது புரிந்துவிட்டால் மூன்று கருவிகளில் எது உங்களுக்கு என்பது தானாகவே தெரிந்துவிடும். டெப் களஞ்சியங்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கட்டளை வரியிலிருந்தே நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். ஆர்பிஎம் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை, அதைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாக. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டுவதற்கு முன் அந்தந்த மேன் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்ட் என்பது டெபியனில் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் நிரல். ஒரு பயனரின் இயந்திரம் 'ஆப்ட் அப்டேட்' சொன்னதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் சர்வரில் இரண்டு டைரக்டரிகள் உண்டு: 'டிஸ்ட்ஸ்', 'பூல்'. டெப் கோப்புகள் எல்லாம் பூலில் கிடக்கும். டிஸ்ட்ஸில் வெறும் கணக்குதான். ஆப்ட் முதலில் டிஸ்ட்ஸுக்குள் இருக்கும் 'இன்ரிலீஸ்' கோப்பை, அதாவது கையொப்பமிட்ட 'ரிலீஸ்' கோப்பை, எடுக்கிறது. கையொப்பம் போட்டிருப்பது அதில் மட்டும்தான். அதற்குள் 'பேக்கேஜஸ்' என்ற பட்டியல் கோப்பின் அளவும் ஷா256 ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண்) எழுதியிருக்கும். அதை நம்பி ஆப்ட் பட்டியலை எடுக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு டெப்பின் பாதை, அளவு, ஹாஷ் மூன்றும் இருக்கும். அதை நம்பி டெப்பை எடுக்கிறது. மேலே ஒரு கையொப்பம், கீழே எல்லாம் ஹாஷ் சங்கிலி. ஆப்ட் பூல் டைரக்டரியைப் பட்டியலிட்டுப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பூலில் எதைப் போட்டாலும் எடுத்தாலும், டிஸ்ட்ஸில் எழுதும்வரை அதற்குத் தெரியாது. கணக்கில் இருக்கும் சரக்கைக் கிடங்கிலிருந்து கையால் எடுத்துவிட்டீர்கள், அதனால்தான் 404.

பூல் என்கிற ஏற்பாடு டெபியனில் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. முன்பெல்லாம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதனதன் டைரக்டரிக்குள்ளேயே டெப் கோப்புகள் கிடந்தன. ஒரு பேக்கேஜை ஒரு வெளியீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கோப்பே இடம் மாறும்; உலகெங்கும் உள்ள மிரர்கள் (நகல் சர்வர்கள்) அதைப் புதிதாக இறக்கவேண்டும். 2000 டிசம்பரில் 'டெஸ்டிங்' கிளையோடு பூல் வந்தது. அதன்பிறகு ஒரு பேக்கேஜ் கிளை மாறுகிறது என்றால் கணக்கில் ஒரு வரி மாறுகிறது, அவ்வளவுதான். நீங்கள் டெபியன் 12, 13 இரண்டையும் ஒரே பூலில் வைத்திருப்பதால் இந்தப் பின்னணி உங்களுக்குத் தேவைப்படும். கீழே மறுபடி வருகிறேன்.

ஹாஷ் மிஸ்மேட்ச் எப்படி வருகிறது? உங்கள் ஸ்கிரிப்ட் பேக்கேஜஸ் கோப்பை எழுதுகிறது, அடுத்து ஜிஜிப் செய்கிறது, அடுத்து ரிலீஸ் கோப்பு, கடைசியில் கையொப்பம். இதற்கு நாலைந்து விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் ஒரு இயந்திரம் வந்தால் பழைய இன்ரிலீஸும் புதிய பேக்கேஜஸும் கையில் கிடைக்கும். ஹாஷ் ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் தனி டைரக்டரியில் தயாரித்துவிட்டு சிம்லிங்கை (வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பை) மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது இடைவெளியைக் குறுக்கும், மூடாது. இன்ரிலீஸை எடுத்தபின், பேக்கேஜஸை எடுக்கும் முன், சிம்லிங்க் மாறினால் அதே கதைதான். நடுவில் கேஷ் செய்யும் ப்ராக்ஸி இருந்தால் இன்னும் மோசம்: ப்ராக்ஸி பழைய பேக்கேஜஸை மணிக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கும். 'சில இயந்திரங்களில் மட்டும்' என்று நீங்கள் எழுதியதால், அந்த இயந்திரங்கள் ஒரே ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வேன். இது என் ஊகம்தான். உங்கள் சர்வர் பதிவுகளைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

இதற்கு முழுத் தீர்வு 'பை-ஹாஷ்'. பேக்கேஜஸ் கோப்பின் ஒரு நகலை அதன் ஹாஷையே பெயராக வைத்து 'பை-ஹாஷ்' டைரக்டரிக்குள் போடவேண்டும். ரிலீஸ் கோப்பில் 'அக்வயர்-பை-ஹாஷ்: யெஸ்' என்று ஒரு வரி வேண்டும். ஆப்ட் அந்த வரியைப் பார்த்தால் 'பேக்கேஜஸ்' என்ற பெயரைக் கேட்காது, தன் கையில் உள்ள இன்ரிலீஸில் எழுதிய ஹாஷின் பெயரையே கேட்கும். பழைய கணக்கோடு வந்தவருக்குப் பழைய பட்டியல், புதியதோடு வந்தவருக்குப் புதியது. ப்ராக்ஸியும் குழம்பாது, ஏனென்றால் உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறிவிடுகிறது. பழைய நகல்களை உடனே அழித்துவிடாமல் சில தலைமுறைகள் விட்டுவைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

உங்கள் ஸ்கிரிப்டைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வெளியீடு, பத்துப் பேக்கேஜ், உள்வலையில் ஐந்து இயந்திரங்கள் என்றால் நானும் அதையே எழுதியிருப்பேன். ஆனால் டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸுக்கு நினைவு கிடையாது. இயல்பாக ஒவ்வொரு முறையும் எல்லா டெப்பையும் திறந்து ஹாஷ் போடுகிறது. ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் இருந்தால், 'மல்டிவெர்ஷன்' விருப்பத்தைக் கொடுக்காதவரை உயர்ந்ததை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடும். பழைய பதிப்பு பூலில் இருந்தும் 'ஆப்ட் பாலிசி'யில் தெரியவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். ஸ்கிரிப்டிலேயே தொடர விரும்பினால், ஆப்ட்-யூடில்ஸ் பேக்கேஜில் வரும் ஆப்ட்-எஃப்டிபிஆர்க்கைவுக்கு மாறுங்கள். அதன் 'ஜெனரேட்' கட்டளை ஹாஷ்களைக் கேஷ் செய்து வைக்கும், 'ரிலீஸ்' கட்டளை ரிலீஸ் கோப்பை ஒழுங்காக எழுதித் தரும். இருந்தாலும் கணக்குப் பிள்ளை நீங்கள்தான். அது கிடங்கில் இருப்பதைப் பார்த்து எழுதும். இருக்கவேண்டியது எது என்று அதற்குத் தெரியாது.

ரெப்ரெப்ரோ அங்கேதான் வேறுபடுகிறது. சி மொழியில் எழுதியது, பெர்க்லி டிபியில் தன் கணக்கை வைத்துக்கொள்கிறது. 'கான்ஃப்' டைரக்டரியில் 'டிஸ்ட்ரிபியூஷன்ஸ்' என்ற சிறு கோப்பில் கோட்நேம், ஆர்க்கிடெக்சர்ஸ், காம்போனன்ட்ஸ், சைன்வித் என்று ஏழெட்டு வரி எழுதினால் ஒரு வெளியீடு தயார். 'ரெப்ரெப்ரோ இன்க்ளூட்டெப் புக்வார்ம்' (புக்வார்ம் என்பது டெபியன் 12இன் கோட்நேம்) என்று சொல்லி டெப் கோப்பைக் கொடுத்தால் அதைப் பூலில் தானே போட்டு, கணக்கில் ஏற்றி, டிஸ்ட்ஸை எழுதி, கையொப்பமும் இட்டுவிடும். நீக்க 'ரிமூவ்'. எந்தக் கணக்கிலும் இல்லாமல் போன கோப்பைப் பூலிலிருந்து அதுவே அழிக்கும். பூலை நீங்கள் தொடவே கூடாது. ரெப்ரெப்ரோவுக்கு மாறியவர்கள் செய்யும் முதல் தவறு பழைய பழக்கத்தில் பூலுக்குள் 'ஆர்எம்' போடுவதுதான். அப்படிச் செய்துவிட்டால் 'செக்பூல்' கட்டளை எந்தக் கோப்பு காணவில்லை என்று சொல்லும்.

இதில் எல்லாருக்கும் ஒருநாள் எரிச்சலைக் கிளப்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு பேக்கேஜை 2.4.1-1 என்று கட்டி ஏற்றுகிறீர்கள். பத்து நிமிடத்தில் ஒரு சிறு தவறு கண்ணில் படுகிறது. திருத்தி, பதிப்பெண்ணை மாற்றாமல் மறுபடி கட்டி, மறுபடி இன்க்ளூட்டெப் போடுகிறீர்கள். ரெப்ரெப்ரோ மறுத்துவிடும். ஏற்கெனவே உள்ள கோப்பை மீண்டும் சேர்ப்பதானால் அது அப்படியே இருந்தாக வேண்டும், எதிர்பார்த்த எம்டி5 ஹாஷ் இது, கிடைத்தது இது என்று இரண்டு வரி நீட்டி எழுதும். நான் புதிதாக வந்த காலத்தில் இதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடினேன்: ரிமூவ் போட்டுவிட்டு மறுபடி ஏற்றினேன். களஞ்சியம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் முதல் கோப்பை இறக்கிய இயந்திரங்கள் எட்டு இருந்தன. அவற்றில் 2.4.1-1 ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்ததால் ஆப்ட் புதியதை எடுக்கவே இல்லை. ஒரே பதிப்பெண், இரண்டு வேறு நிரல்கள். பிழை அறிக்கை வந்தபோது எந்த இயந்திரத்தில் எது இருக்கிறது என்று பைனரியின் ஹாஷை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஒரு முழு நாள் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரே விதி: வெளியே போன பதிப்பெண்ணுக்குள் வேறு எதையும் போடக்கூடாது. 2.4.1-2 என்று போடக் காசா பணமா?

இதே விதி உங்கள் டெபியன் 12, 13 விஷயத்திலும் வந்து நிற்கும். ஒரே மூலத்தை இரண்டு வெளியீட்டிலும் தனித்தனியாகக் கட்டினால் இரண்டு டெப்புக்கும் கோப்புப் பெயர் ஒன்றாகவே இருக்கும், உள்ளே சார்ந்திருக்கும் லைப்ரரி பதிப்புகள் வேறாக இருக்கும். பூல் ஒன்றுதான், இரண்டாவதைச் சேர்க்கவே முடியாது. இப்போதைய ஸ்கிரிப்டில் ஒன்றின்மேல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கலாம், அதையும் பாருங்கள். டெபியன் வழக்கத்தையொட்டி பதிப்பெண்ணுக்கு ஒரு வால் சேர்ப்பதே சரி: 2.4.1-1~டெப்12+1, 2.4.1-1~டெப்13+1 என்று. அலைக்குறிக்கு டிபிகேஜி கணக்கில் தனி மதிப்பு உண்டு. அது ஒன்றுமில்லாததைவிடவும் குறைவு. அதனால் டெப்12 வால் டெப்13 வாலைவிடச் சிறியது, இரண்டுமே வாலில்லாத 2.4.1-1ஐவிடச் சிறியவை. யாராவது இயந்திரத்தை 12இலிருந்து 13க்கு உயர்த்தும்போது உங்கள் பேக்கேஜும் தானாக 13க்கானதற்கு மாறிவிடும். சந்தேகம் வந்தால் 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்' கட்டளையில் இரண்டையும் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். மனக்கணக்கை நம்ப வேண்டாம். இரண்டிலும் அப்படியே ஓடும் பேக்கேஜ்களை, வெறும் ஸ்கிரிப்டுகள், ஆவணங்கள் மாதிரி உள்ளவற்றை, ஒருமுறை கட்டி ஒரு வெளியீட்டில் ஏற்றி மற்றதற்கு 'காப்பி' செய்யலாம். அந்தக் கட்டளையில் போய்ச்சேரும் இடம் முதலில், எடுக்கும் இடம் பிறகு. எழுதும் கை அடிக்கடி தலைகீழாக எழுதிவிடும்.

ரெப்ரெப்ரோவின் பெரிய வரம்பு, ஒரு வெளியீட்டில் ஒரு ஆர்க்கிடெக்சருக்கு (ப்ராசசர் வகைக்கு) ஒரு பேக்கேஜின் ஒரே பதிப்பைத்தான் நெடுங்காலமாக வைத்திருந்தது. புதியதை ஏற்றினால் பழையது கணக்கிலிருந்து போய்விடும், பூலிலிருந்தும் போய்விடும். 5.4 வரிசையில் 'லிமிட்' என்ற புலத்தைக் கொடுத்து எத்தனை பதிப்புகள் நிற்கவேண்டும் என்று சொல்ல வழி வந்திருக்கிறது. உங்கள் சர்வரில் 5.3 இருந்தால் அது கிடைக்காது. 'டிபிகேஜி -எல்' போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்ட்லி வேறு சிந்தனையில் எழுந்தது. கோ மொழியில் எழுதியது. இதில் ரெப்போ என்பது வெறும் வேலை மேசை. மேசையிலிருந்து 'ஸ்னாப்ஷாட் கிரியேட்' என்று ஒரு படம் பிடிக்கிறீர்கள். பிடித்தபின் அந்தப் படம் மாறாது. அதைத்தான் 'பப்ளிஷ்' செய்கிறீர்கள். அடுத்த வெளியீட்டுக்குப் புதுப் படம், 'பப்ளிஷ் ஸ்விட்ச்'. தவறாகப் போனால் பழைய படத்துக்கே மறுபடி ஸ்விட்ச். பல பதிப்புகள் ஒரே ரெப்போவில் இருக்கலாம். பை-ஹாஷ் வேண்டுமென்றால் பப்ளிஷ் செய்யும்போது ஒரு விருப்பத்தைக் கொடுத்தால் போதும். டெபியனின் களஞ்சியத்தையே மிரர் எடுத்து, அதையும் படம் பிடித்து, உங்கள் பேக்கேஜ்களோடு சேர்த்து 'மெர்ஜ்' செய்து, ஆறு மாதம் கழித்தும் அன்றைய நிலையை அப்படியே எழுப்பிக் காட்டலாம். சோதனைக்கூடத்தில் ஓடிய அதே தொகுதிதான் பயனரிடமும் ஓடியது என்று காட்டவேண்டிய துறைகளில் இதற்கு இணையாக வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலையும் உண்டு. படங்கள் குவியும். 'டிபி கிளீனப்' தானாக ஓடாது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் போட்டாக வேண்டும், அதற்குமுன் தேவையற்ற படங்களை 'ட்ராப்' செய்திருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கிளீனப்புக்கு அழிக்க ஒன்றும் இருக்காது. தரவுதளத்தை ஒரு நேரத்தில் ஒரே ப்ராசஸ்தான் திறக்க முடியும். க்ரான் ஓடும்போது நீங்கள் கையால் கட்டளை கொடுத்தால் பூட்டில் இடித்துக்கொள்ளும். மேலே சொன்ன ஒரே பெயர், வேறு உள்ளடக்கம் சிக்கலிலிருந்து ஆப்ட்லியும் உங்களைக் காப்பாற்றாது: இரண்டு வெளியீடுகளை ஒரே முன்னொட்டின் கீழ் வெளியிட்டால் அங்கேயும் இயல்பாகப் பூல் பொதுதான்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் முடிவைத் தீர்மானிக்கப்போவது அந்த வரிதான், ஆகவே கொஞ்சம் நிறுத்திப் பேசுகிறேன். திரும்புதல் இரண்டு வகை. இனி நிறுவப்படும் இயந்திரங்களுக்குப் பழையது கிடைக்கவேண்டும் என்பது ஒன்று. ஏற்கெனவே புதியதை நிறுவிவிட்ட இயந்திரங்கள் பழையதற்கு வரவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை ஆப்ட்லி ஒரே கட்டளையில் செய்யும். இரண்டாவதை எந்தக் களஞ்சியக் கருவியும் செய்யாது, ஏனென்றால் ஆப்ட் தானாகப் பதிப்பை இறக்காது. களஞ்சியத்தில் 2.4.1 மட்டுமே இருந்தாலும், 2.4.2 நிறுவியிருக்கும் இயந்திரம் அதிலேயே நிற்கும். ஆப்ட் அமைப்பில் பேக்கேஜுக்கு வைக்கும் 'பின்' என்ற முன்னுரிமை எண்ணை 1000 அல்லது அதற்கு மேல் வைத்தால் இறங்கும், ஆனால் அதை ஒவ்வொரு இயந்திரத்திலும் எழுதவேண்டும். எழுதிவிட்டு மறந்தால் பின்னால் வேறு வினை வரும். நான் இதை ஒரு வெள்ளிக்கிழமை மாலை கற்றுக்கொண்டேன். ஸ்விட்ச் போட்டாயிற்று, களஞ்சியம் பழைய நிலைக்கு வந்தாயிற்று என்று குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். திங்கள் காலையில் பார்த்தால் பாதி இயந்திரங்கள் கெட்ட பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தன. டெபியன் பராமரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் வழி எளிமையானது: பழைய நிரலை உயர்ந்த பதிப்பெண்ணோடு மறுபடி கட்டுவது. 2.4.2+ரியலி2.4.1-1 என்று. பார்க்க அழகாக இராது. ஆனால் அது 2.4.2ஐவிடப் பெரியது, 2.4.3ஐவிடச் சிறியது, எல்லா இயந்திரங்களும் வழக்கம்போல அப்கிரேட் செய்து பழைய நிரலுக்கு வந்துசேரும்.

டேக்கைப் பற்றிக் குறைவாகவே சொல்வேன். டெபியன் ஆர்க்கைவ் கிட் என்பதன் சுருக்கம். டெபியனின் களஞ்சியத்தைக் கவனிக்கும் எஃப்டிபி மாஸ்டர்கள் நடத்துவது, அடியில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுதளம், கையொப்பமிட்ட 'சேஞ்சஸ்' கோப்பாக (ஏற்றும் கோப்புகளின் விவரப் பட்டியல்) வருவதை வரிசையில் நிறுத்திச் சரிபார்த்து, புதுப் பேக்கேஜ் என்றால் மனிதர் ஒருவர் பார்த்து அனுமதித்தபிறகே உள்ளே விடும். டெபியன் 13 வந்தபோது அதில் 69,830 பேக்கேஜ்கள். அந்தப் பாரத்துக்குக் கட்டிய வண்டி அது. நாற்பதுக்கு அதை நிறுவிப் பராமரிப்பது உங்கள் வேலை நேரத்தை விழுங்கிவிடும். ஆனால் அதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: டெப்பை நேரடியாக ஏற்றாமல், 'டெப்சைன்' கட்டளையால் கையொப்பமிட்ட சேஞ்சஸ் கோப்பை 'டிபுட்' மூலம் ஒரு உள்வரும் டைரக்டரிக்கு அனுப்புவது, ரெப்ரெப்ரோவின் 'ப்ராசஸ்இன்கமிங்' அதை எடுத்துக்கொள்வது. யார் எதை எப்போது ஏற்றினார்கள் என்ற தடயம் அதில் கிடைக்கும்.

எந்தக் கருவியை எடுத்தாலும் கையொப்பமிடும் சாவி உங்கள் பொறுப்பு. இதில் கருவிகள் உதவாது. கையொப்பச் சரிபார்ப்பு டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு 2007இல் எட்ச்சோடு (டெபியன் 4.0) வந்தது. அன்றிலிருந்து சாவி காலாவதியானால் களஞ்சியம் நின்றதற்குச் சமம். நான் முன்பு பணிபுரிந்த இடம் ஒன்றில் சாவிக்கு இரண்டாண்டு ஆயுள் வைத்திருந்தோம். நாட்காட்டியில் குறித்தவர் வேலை மாறிப் போய்விட்டார். ஒரு காலையில் எல்லா இயந்திரங்களிலும் 'எக்ஸ்ப்கீசிக்' என்று பிழை, அதாவது சாவி காலாவதி. ஆயுளை நீட்டுவது சர்வரில் ஒரு நிமிட வேலை. ஆனால் நீட்டிய பொதுச்சாவி பயனர் இயந்திரங்களுக்குப் போய்ச்சேர வேண்டுமே! அதைக் கொண்டுபோகும் வழியாக நாங்கள் வைத்திருந்ததோ அதே களஞ்சியம். ஒவ்வொரு இயந்திரமாகச் சாவியைக் கையால் வைத்தோம். பொதுச்சாவியை ஒரு கீரிங் பேக்கேஜாகக் கட்டிக் களஞ்சியத்திலேயே வையுங்கள். ஆயுள் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே நீட்டி அந்தப் பேக்கேஜைப் புதுப்பியுங்கள். முதன்மைச் சாவியை சர்வரில் வைக்காமல் கையொப்பத்துக்கான துணைச்சாவியை மட்டும் வையுங்கள். பயனர் பக்கத்தில் 'ஆப்ட்-கீ' வேண்டாம். அது கைவிடப்பட்ட வழி. மூல வரியில் 'சைன்ட்-பை' எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் உங்கள் சாவி உங்கள் களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும், டெபியனின் பேக்கேஜ்களுக்கு அது பொறுப்பேற்காது.

'வேலிட்-அன்டில்' பற்றியும் ஒரு சொல். பழைய கணக்கையே யாரோ நடுவில் நின்று திரும்பத் திரும்பக் கொடுத்து, பாதுகாப்புத் திருத்தம் வந்ததையே மறைத்துவிடாமல் இருக்க, ரிலீஸ் கோப்புக்கே ஒரு காலாவதித் தேதி வைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ரெப்ரெப்ரோ எதுவும் மாறாதபோது டிஸ்ட்ஸைத் திரும்ப எழுதாது. 'வேலிட்ஃபார்' புலத்தில் ஏழு நாள் என்று எழுதிவிட்டு, பத்து நாள் புதிய பேக்கேஜ் எதுவும் வராவிட்டால், ஒன்றும் கெடாமலே களஞ்சியம் செத்துப்போகும். தினமும் க்ரானில் 'எக்ஸ்போர்ட்' ஓடவேண்டும், அது ஓடுகிறதா என்று யாராவது பார்க்கவும் வேண்டும். பார்க்க ஆள் இல்லையென்றால் அந்தப் புலத்தை எழுதாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து. பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள், அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

நாளை இரண்டாவது சர்வர் வந்தால் நகலெடுக்கும் வரிசையை மறக்கவேண்டாம்: முதலில் பூல், அடுத்து டிஸ்ட்ஸ், அழிப்பது எல்லாம் முடிந்தபின். டெபியன் மிரர்களுக்கான எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்டும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கை இரண்டு கட்டமாக ஓட்டுவது இதற்காகத்தான். சரக்கு வருமுன் கணக்கு வந்தால் 404. கணக்கு மாறுமுன் சரக்கு போனாலும் 404. பழைய டெப்பைக் கணக்கிலிருந்து எடுத்த உடனே அழிப்பதும் ஆபத்துதான். காலையில் 'அப்டேட்' செய்தவர் மாலையில் 'இன்ஸ்டால்' செய்வார். ரெப்ரெப்ரோவில் 'கீப்அன்ரெஃபரன்ஸ்ட்ஃபைல்ஸ்' விருப்பத்தை வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை 'டெலீட்அன்ரெஃபரன்ஸ்ட்' ஓட்டுவது என் வழக்கம். எத்தனை நாள் விட்டுவைப்பது என்பதற்கு விதி எதுவும் இல்லை, உங்கள் இயந்திரங்கள் எத்தனை நாளுக்கொருமுறை அப்டேட் ஆகின்றன என்பதைப் பொறுத்தது.

ஆர்பிஎம் பக்கமும் கேட்டிருந்தீர்கள். அங்கே கிரியேட்ரெப்போ_சி 'ரெப்போடேட்டா' டைரக்டரியை எழுதும், 'ரெப்போஎம்டி' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இன்ரிலீஸின் இடத்தில் நிற்கும், பழையவற்றைக் களைய ரெப்போமேனேஜ் உண்டு. சங்கிலி இதேதான். எனக்கு அங்கே பெரிய களஞ்சியம் நடத்திய அனுபவம் இல்லாததால் இதற்கு மேல் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

உங்கள் நிலைக்கு என் பதில்: ரெப்ரெப்ரோ. நாற்பது பேக்கேஜ், இரண்டு வெளியீடு, ஒரு சர்வர், முன்னோக்கியே போகும் பதிப்புகள்; திரும்பவேண்டியபோது 'ரியலி' வழி. குறிப்பிட்ட ஒரு நாளின் முழுத் தொகுதியை யாருக்காவது அப்படியே மறுபடி கொடுக்கவேண்டிய கடமை உங்களுக்கு இருந்தால் மட்டும் ஆப்ட்லி. இன்றைக்கு முதல் வேலையாக, நீக்கிய டெப்பைக் காப்புநகலிலிருந்து அதே பெயரில் திருப்பி வையுங்கள், 404 நின்றுவிடும். பிறகு பழைய களஞ்சியத்தைத் தொடாமல் பக்கத்திலேயே வேறு பாதையில் ரெப்ரெப்ரோவை எழுப்பி, நாற்பதையும் வால் சேர்த்த பதிப்பெண்களோடு கட்டி ஏற்றுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இப்போது வெளியே இருப்பது வாலில்லாத 2.4.1-1 என்றால், 2.4.1-1~டெப்12+1 அதைவிடச் சிறியது, யாருக்கும் போகாது. ஆகவே முதல் முறை மட்டும் 2.4.1-2~டெப்12+1 என்று எண்ணை ஏற்றித் தொடங்கவேண்டும். டெபியன் 12, 13 இரண்டிலும் ஒவ்வொரு வெற்றுக் கன்டெய்னரில் புதிய மூல வரியைப் போட்டு அப்டேட், இன்ஸ்டால் இரண்டும் ஓடுகிறதா பாருங்கள்; அந்தச் சோதனையை மணிக்கொருமுறை க்ரானிலும் விட்டுவிடுங்கள், பயனருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். கான்ஃப், டிபி டைரக்டரிகளோடு பூலையும் சாவியையும் காப்புநகல் எடுங்கள். டிஸ்ட்ஸை 'எக்ஸ்போர்ட்' எப்போது வேண்டுமானாலும் மறுபடி எழுதித் தரும். பழைய பாதையை உடனே மூடாமல், சர்வர் பதிவில் அதைக் கேட்டு வரும் கடைசி இயந்திரமும் நின்றபிறகு எடுத்துவிடுங்கள்.